மனநல மருந்து எடுக்கும் தம்பியின் உடலை யார் கவனிப்பது?

தமக்கை எழுதியது:

வணக்கம். நாங்கள் லண்டனில், ஹாரோ பக்கம் வசிக்கிறோம். என் தம்பிக்கு இருபது வயது. பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது, யாரோ தன்னைப் பின்தொடர்வதாகவும், தான் நினைப்பதையெல்லாம் கைப்பேசி வழியே ஒட்டுக் கேட்பதாகவும் சொல்லத் தொடங்கி, கடைசியில் அறையை விட்டே வெளியே வராமல் இருந்துவிட்டான். உளப்பிறழ்வின் முதல் கட்டம் என்று கண்டறிந்து, அதற்கென்றே உள்ள ஆரம்பகாலச் சிகிச்சைக் குழு ஒன்று அவனைப் பொறுப்பேற்று, ஒலான்சபின் குளிசை தொடங்கியது. இப்போது அவன் காதில் கேட்ட குரல்கள் அடங்கிவிட்டன. இரவில் தூங்குகிறான், அம்மாவோடு இருந்து கதைக்கிறான். அந்த அளவில் எங்களுக்கு நன்றிதான், குறை எதுவும் இல்லை.

என் கவலை அவன் உடலைப் பற்றியது. குளிசை தொடங்கிய சில வாரங்களிலேயே பசி அடங்காத பசியாகிவிட்டது. இரவுச் சாப்பாடு முடிந்து ஒரு மணி நேரம் ஆவதற்குள் குளிர்சாதனப் பெட்டியின் கதவு திறக்கும் சத்தம் கேட்கும். மிச்சப் புட்டு, பாண், சீஸ் என்று கையில் அகப்பட்டதை நின்றபடியே சாப்பிடுவான். வாய் காய்கிறது என்று கட்டிலுக்குப் பக்கத்தில் இரண்டு லிட்டர் கோலாப் போத்தல் எப்போதும் இருக்கிறது. போன கோடையில் வாங்கிய ஜீன்ஸ் எதுவும் இப்போது இடுப்பில் ஏறுவதில்லை. அம்மாவுக்கோ, மாதக்கணக்கில் தட்டைத் தொடாமல் கிடந்த பிள்ளை வாய்க்கு ருசியாகச் சாப்பிடுகிறானே என்ற ஆறுதல். அதைக் குலைக்க எனக்கும் மனம் வரவில்லை. ஆனால் அப்பாவுக்கு நாற்பது வயதிலேயே நீரிழிவு வந்துவிட்டது. பெரியப்பா மாரடைப்பில் போனபோது அவருக்கு ஐம்பதுதான் கடந்திருந்தது.

இதை யாரிடம் சொல்வது என்பதுதான் தெரியவில்லை. ஜீபியிடம், அதாவது எங்கள் பொது மருத்துவரிடம் கேட்டால், அதையெல்லாம் மனநலக் குழு பார்த்துக்கொள்ளும் என்கிறார்கள். குழுவிடம் கேட்டால், எடையும் இரத்தப் பரிசோதனையும் ஜீபியின் வேலை என்கிறார்கள். இதற்கிடையில், கடுமையான மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிடப் பத்து முதல் இருபது ஆண்டுகள் முன்னதாகவே இறந்துபோகிறார்கள் என்று ஒரு கட்டுரையில் படித்துவிட்டு அன்றிரவு நான் தூங்கவில்லை. அது முதியவர்களைப் பற்றிய கணக்கா, தற்கொலையைச் சேர்த்த கணக்கா, அல்லது என் தம்பி போன்றவர்களுக்கும் பொருந்துமா? இந்தக் குளிசையை நிறுத்திவிடச் சொல்லலாமா? அறிந்தவர்கள் விளக்கினால் பெரிய உதவியாக இருக்கும்.


நெய்தல் எழுதியது:

தமக்கைக்கு வணக்கம். நான் பர்மிங்காமில் பொது மருத்துவராக இருக்கிறேன். உங்கள் தம்பியை நேரில் பார்க்காமல் அவருக்கென்று மருத்துவ ஆலோசனை சொல்ல முடியாது. இங்கிலாந்தில் இந்தப் பராமரிப்பு எப்படி நடக்க வேண்டும் என்பதைச் சொல்லலாம்.

முதலில் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். குளிசையை நீங்களாக நிறுத்த வேண்டாம். திடீரென்று நிறுத்தினால் நோய் திரும்பும் ஆபத்து அதிகம் என்பது ஒரு காரணம். ஆயுளைக் காப்பதற்காகவே நிறுத்துகிறோம் என்று நினைப்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். பின்லாந்தில் மனச்சிதைவு நோய் கொண்ட 66,881 பேரின் பதிவுகளை 1996 முதல் 2006 வரை பின்தொடர்ந்து ஆராய்ந்தார்கள். நீண்ட காலம் மருந்து எடுத்தவர்களைவிட, மருந்தே எடுக்காதவர்களிடையே இறப்பு அதிகமாக இருந்தது. எடையைக் கூட்டும் மருந்து ஆயுளையும் குறைத்துத்தானே ஆக வேண்டும் என்று நாம் போடும் கணக்கு அவ்வளவு எளிதாக ஒத்துவருவதில்லை. நோய் கட்டுக்குள் இல்லாதவர் சாப்பாட்டையும் கவனிப்பதில்லை, மருத்துவரிடமும் போவதில்லை.

அடுத்து, யார் பொறுப்பு என்ற கேள்வி. உங்களை அங்கும் இங்கும் அலைய விடுவதற்கு இடமே இல்லாதபடி இது எழுதப்பட்டிருக்கிறது. மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு உளப்பிறழ்வு, மனச்சிதைவு ஆகியவற்றுக்கென 2014இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, உளப்பிறழ்வுக்கான மருந்து தொடங்கியபின் குறைந்தது முதல் 12 மாதங்கள், அல்லது நோயாளியின் நிலை சீராகும் வரை, இவற்றில் எது நீளமோ அதுவரை, உடல்நலத்தைக் கண்காணிக்க வேண்டியது மனநலக் குழுதான். அதன் பிறகே அந்தப் பொறுப்பை ஜீபியிடம் ஒப்படைக்கலாம். இரத்தத்தை எங்கள் கிளினிக்கில் எடுக்கலாம், அதில் தவறில்லை. ஆனால் முடிவைப் பார்த்து நடவடிக்கை எடுக்க வேண்டியவர் யார் என்பதில் குழப்பம் கூடாது. தம்பியின் கேர் கோஆர்டினேட்டருக்கு, அதாவது குழுவில் அவரது பராமரிப்பை ஒருங்கிணைப்பவருக்கு, ஒரு மின்னஞ்சல் எழுதி, இந்த வரியைச் சுட்டிக்காட்டி, பரிசோதனை முடிவுகளைப் பார்த்து முடிவெடுப்பவரின் பெயரைக் கேளுங்கள். பெயர் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

என்னென்ன பார்க்க வேண்டும் என்பதும் அதே வழிகாட்டியில் இருக்கிறது. மருந்து தொடங்குமுன் எடை, இடுப்புச் சுற்றளவு, நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, புரோலாக்டின் என்ற ஹார்மோன் ஆகியவற்றைக் குறித்துவைக்க வேண்டும். எடையை முதல் 6 வாரங்கள் வாரந்தோறும், பிறகு 12ஆம் வாரத்திலும் ஓராண்டு முடிவிலும், அதற்குப் பின் ஆண்டுக்கு ஒருமுறையும் பார்க்க வேண்டும். இரத்த அழுத்தத்தையும் சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றையும் 12ஆம் வாரத்தில் மீண்டும் பார்ப்பது கட்டாயம். முதல் ஆறு வாரங்களுக்கு ஏன் இத்தனை அழுத்தம் என்றால், ஒலான்சபின் போன்ற மருந்துகளால் ஏறும் எடையில் பெரும்பகுதி தொடக்க மாதங்களிலேயே ஏறிவிடுகிறது. ஏறியபின் இறக்குவது ஏறாமல் தடுப்பதைவிடப் பலமடங்கு கடினம். மூளையில் பசியையும் நிறைவையும் ஆளும் சில ஏற்பிகளை, குறிப்பாக ஹிஸ்டமின், செரட்டோனின் ஏற்பிகளை, இந்த மருந்து அடைத்துவிடுகிறது. இரவில் குளிர்சாதனப் பெட்டிக் கதவைத் திறப்பவரிடம் மனக்கட்டுப்பாடு இல்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

நீங்கள் படித்த பத்து முதல் இருபது ஆண்டுகள் என்பது உலக சுகாதார நிறுவனமும் சொல்லும் கணக்குதான். கடுமையான மனநோய் உள்ளவர்களின் முன்கூட்டிய இறப்புகளில் பெரும்பகுதிக்குக் காரணம் இதயநோய், நீரிழிவு, நுரையீரல் நோய் போன்ற தடுக்கக்கூடிய உடல்நோய்கள். தற்கொலையும் அந்தக் கணக்கில் சேர்ந்தது. இளவயதில் அதன் பங்கு பெரிது. இறப்பு ஐம்பதிலோ அறுபதிலோ வந்தாலும், அதற்கான விதை இருபதுகளிலேயே விழுகிறது. அமெரிக்காவில் முதல்முறையாக உளப்பிறழ்வு ஏற்பட்ட 394 பேரை ஆராய்ந்தபோது, சராசரியாக 47 நாள்களே மருந்து எடுத்திருந்த அவர்களில் பாதிப் பேர் புகைபிடிப்பவர்களாகவும், பாதிக்கு மேற்பட்டோர் இரத்தக் கொழுப்புக் கோளாறு உடையவர்களாகவும் இருந்தார்கள். இங்கிலாந்தில் ஜீபிகளின் பதிவுகளைக் கொண்டு பொதுச் சுகாதாரத் துறை 2018இல் வெளியிட்ட ஆய்வில், கடுமையான மனநோயுள்ள 15 முதல் 34 வயதினருக்கு மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட உடல்நோய்கள் சேர்ந்திருக்கும் வாய்ப்பு அதே வயதின் மற்றவர்களைப் போல் 5 மடங்கு என்று தெரிந்தது. வயதானவர்களிடையே இந்த இடைவெளி இத்தனை பெரிதில்லை. எனவே இது முதியவர்களின் கதை இல்லை, உங்கள் அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது.

நம்மவர்களுக்கு இன்னும் இரண்டு விஷயங்கள். உடல் நிறைக் குறியீடு 25ஐத் தாண்டினால்தான் அதிக எடை என்ற பொதுக்கணக்கு தெற்காசியருக்குப் பொருந்தாது; நமக்கு 23இலேயே கவனம் தொடங்க வேண்டும், 27.5 என்பது அதிக ஆபத்து. இடுப்புச் சுற்றளவில் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 என்பதே எல்லை. குழுவில் ஒருவர் எடை வரைபடத்தைப் பார்த்து ‘இன்னும் பச்சைக் கட்டத்தில்தான் இருக்கிறார்’ என்று சொன்னால், எந்த வரைபடத்தைப் பார்த்துச் சொல்கிறார் என்று கேளுங்கள். இரண்டாவது, எச்பிஏ1சி என்ற இரத்தப் பரிசோதனை கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைத்தான் காட்டும். மருந்தால் சர்க்கரை வேகமாக ஏறும்போது அது பின்தங்கிவிடும். நீங்கள் சொன்ன வாய் உலர்தல் மருந்தின் சாதாரண விளைவாகவும் இருக்கலாம், சர்க்கரையாகவும் இருக்கலாம். அடங்காத தாகத்தோடு அடிக்கடி சிறுநீர் கழிப்பதும் சேர்ந்தால், அடுத்த சந்திப்புக்குக் காத்திராமல் அன்றே சர்க்கரையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அளப்பதோடு நிறுத்திவிடுவது எங்கள் துறையின் பழைய வியாதி. ‘பரிசோதித்தால் மட்டும் போதாது, தலையிடு’ என்ற முழக்கத்தோடு 2012இல் பிரிட்டனில் ஒரு ஒற்றைப்பக்க வழிகாட்டி வந்தது. இந்த விஷயத்துக்காகக் கடைசிவரை வாதாடி 2013இல் மறைந்த பொது மருத்துவர் ஹெலன் லெஸ்டரின் பெயரால் இன்று அது அழைக்கப்படுகிறது. எடை கூடினால் மருந்தை மாற்றிப் பார்ப்பதா, அரிபிப்ரசோல் போன்ற எடை அதிகம் ஏற்றாத மருந்து இவருக்கு ஒத்துவருமா, நீரிழிவுக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மினைச் சேர்க்கலாமா என்பதெல்லாம் உளமருத்துவரோடு பேச வேண்டியவை. மெட்ஃபார்மினை எடை ஏறியபின் கொடுப்பதைவிட, ஒலான்சபின் தொடங்கும்போதே தடுப்பாகக் கொடுப்பதைப் பரிசீலிக்கலாம் என்ற கருத்து அண்மையில் வலுப்பெற்று வருகிறது. நீங்களே பேச்செடுங்கள், அவர்கள் எடுக்கும் வரை காத்திருக்க வேண்டாம்.


மாலைநடை எழுதியது:

நெய்தல் சொன்ன அந்த ஒற்றைப்பக்க வழிகாட்டியின் மூலம் எங்கள் ஊர்தான் என்பதைக் கொஞ்சம் பெருமையோடு சேர்த்துக்கொள்கிறேன். சிட்னி மருத்துவர்கள் தயாரித்ததைத் தழுவித்தான் பிரிட்டனில் அதை உருவாக்கினார்கள். நான் இங்கே உணவியலாளராக வேலை செய்கிறேன்.

சிட்னியின் பாண்டை பகுதியில் 14 முதல் 25 வயது வரையிலான, முதல்முறை உளப்பிறழ்வு ஏற்பட்ட இளைஞர்களுக்கு ஒரு திட்டம் தொடங்கினார்கள். மருந்து தொடங்கிய உடனேயே, எடை கூடும்வரை காத்திராமல், 12 வாரங்களுக்கு ஒரு செவிலியர், ஓர் உணவியலாளர், ஓர் உடற்பயிற்சி வல்லுநர், இதே நோயைத் தாண்டிவந்த இளைஞர் என்று ஒரு சிறு கூட்டம் அவர்களுடனேயே இருக்கும். உடற்பயிற்சிக்கூடம் மனநலக் கிளினிக்கின் உள்ளேயே இருந்தது. முடிவு 2016இல் வெளியானது. திட்டத்தில் சேர்ந்தவர்களின் எடை சராசரியாக 1.8 கிலோ கூடியது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களின் எடை 7.8 கிலோ கூடியது. இரண்டு பக்கமும் சேர்த்து முப்பது பேர்கூட இல்லாத சிறிய ஆய்வு, குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டதும் இல்லை. ஆகவே இதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் மருந்து எடுத்தால் பருத்துத்தான் ஆக வேண்டும் என்று கைவிரித்துவிடுவதற்கு இது நல்ல பதில்.

உங்கள் வீட்டுக்கு வருவோம். சோற்றை நிறுத்து, புட்டை நிறுத்து என்று தொடங்காதீர்கள். முதலில் அந்தக் கோலா. இரண்டு லிட்டர் கோலாவில் இருநூறு கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது, அவ்வளவும் பசியைத் துளியும் தணிக்காமல் உள்ளே போகிறது. அதன் இடத்தில் தண்ணீர், சோடா, தேசிக்காய் பிழிந்த நீர், முடியாவிட்டால் சர்க்கரையில்லாத கோலா என்று மாற்றினாலே பெரிய வேறுபாடு தெரியும். அடுத்தது அந்த இரவு நேரம். மாத்திரை போட்டபின் பசி வரும் என்பது உறுதியாகத் தெரிந்த விஷயம், ஆகவே அந்த நேரத்துக்கென்றே ஏதாவது தயாராக இருக்கட்டும். அவித்த கடலை, முட்டை, தயிரும் வெள்ளரிக்காயும், முதல் நாள் பருப்புக் கறி ஒரு கிண்ணம். பாணும் சீஸும் கண்ணில் படாத இடத்துக்குப் போகட்டும். பகலில் சோறு குறைந்து, கீரையும் பயறும் மீனும் கூடினால் போதும். வீட்டில் எல்லோருக்கும் ஒரே சமையலாக இருக்க வேண்டும். அவனுக்கு மட்டும் தனித் தட்டு வைத்தால் ஒரு வாரத்தில் தட்டும் போகும், பேச்சும் போகும்.


வேப்பமரம் எழுதியது:

மேலே எழுதிய இருவர் மீதும் மரியாதை உண்டு. ஆனாலும் ஒரு தாயாகச் சில விஷயங்களை வேறு விதமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் வீட்டில் மகனின் எடையைப் பற்றியே ஓயாமல் பேசினோம். தட்டில் இரண்டாவது முறை சோறு போடும்போதெல்லாம் யாராவது ஒருவர் அவனைப் பார்ப்போம். அவன் ஒன்றும் சொல்லவில்லை. குளிசையைக் கைக்குட்டைக்குள் துப்பத் தொடங்கிவிட்டான், எங்களுக்குத் தெரியவந்தபோது மீண்டும் மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய நிலை. இளைஞர்கள் இந்த மருந்துகளைத் தாமாகவே நிறுத்துவதற்கு எடை கூடுவது ஒரு முக்கியக் காரணம் என்று அதன்பின் தாதி ஒருவர் விளக்கினார். இருபது வயதுப் பிள்ளைக்குத் தன் உடம்பைக் கண்ணாடியில் பார்க்கத் தெரியாதா? பேச வேண்டியது மருத்துவரிடம், மாற்ற வேண்டியது வீட்டுச் சமையலை. பிள்ளையின் காதில் ஓத வேண்டிய அவசியமே இல்லை.

இரண்டாவது விஷயம் நீங்கள் பயந்த அந்தக் கணக்கைப் பற்றியது. மாரடைப்பு இருபது முப்பது ஆண்டுகள் தள்ளி வரும் ஆபத்து. முதல் கட்ட நோய்க்குப் பிந்தைய முதல் ஆண்டில் மிக அருகில் நிற்பது தற்கொலை. குரல்கள் அடங்கி, தனக்கு என்ன நடந்தது என்று தெளிவாகப் புரியத் தொடங்கும் நேரத்தில்தான் பல பிள்ளைகளுக்கு மனம் உடைகிறது; படிப்பு போயிற்று, நண்பர்கள் போனார்கள், உடம்பும் போயிற்று என்று எண்ணுகிறார்கள். நன்றாகத் தேறிவிட்டான் என்று நாம் மூச்சுவிடும் நேரமும் அதுதான். சாக வேண்டும் என்ற நினைப்பு வருகிறதா என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமென்றால் குழுவின் நெருக்கடி எண்ணையோ, மருத்துவ உதவி எண்ணான 111ஐ அழைத்து மனநலத் தெரிவையோ, உடனடி ஆபத்து என்றால் அவசர எண்ணான 999ஐயோ பயன்படுத்துங்கள். எடைக்கு வாரந்தோறும் குறிப்பு எழுதுகிற வீட்டில் இதற்கும் ஓர் இடம் இருக்க வேண்டும்.

இன்னொன்று, இது உளப்பிறழ்வு உள்ளவர்களோடு நிற்பதில்லை. என் தங்கையின் மகளுக்குப் பதற்றநோய் என்று பதிவில் எழுதிவிட்டார்கள். அதன்பின் நெஞ்சு படபடப்பு, வியர்வை, எடை குறைவு என்று எதைச் சொன்னாலும் ‘பதற்றம்தான்’ என்ற ஒரே பதில். தாயார் விடாப்பிடியாகக் கேட்டு ஒரு சாதாரண இரத்தப் பரிசோதனை செய்வித்தபோது, தைராய்டு மிகையாகச் சுரப்பது தெரிந்தது. மனநோய் என்ற பெயர் ஒருமுறை கோப்பில் ஏறிவிட்டால் உடல் சொல்லும் எல்லாமே அதன் கணக்கில்தான் போகிறது. சந்திப்புக்குத் தம்பியோடு கூடப் போங்கள். அவர் சம்மதித்தால் உள்ளேயும் போங்கள். எடை எப்போதிலிருந்து, எவ்வளவு ஏறியது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால், ‘பார்க்கலாம்’ என்று சொல்லி அனுப்புவது அவர்களுக்குக் கடினமாகிவிடும்.


தமக்கை எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. கேர் கோஆர்டினேட்டருக்கு மின்னஞ்சல் போய்விட்டது. 12ஆம் வாரப் பரிசோதனை தவறிவிட்டது என்று ஒப்புக்கொண்டு இந்த வாரமே இரத்தம் எடுக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். கோலாவைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை, அடுத்த முறை கடைக்குப் போனபோது வாங்காமல் வந்துவிட்டேன். வேப்பமரம் அம்மா சொன்ன அந்தக் கேள்வியை நேற்று அவனிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ஆரம்பத்தில் இருந்தது, இப்போது இல்லை என்றான். பிறகு நெடுநேரம் கதைத்தோம்.

அப்போதுதான் புகைப்பதையும் சொன்னான். புகையிலையைத் தாளில் சுருட்டி நாளுக்குப் பத்துக்கு மேல் பிடிக்கிறானாம், எங்களுக்குத் தெரியாது. தானாகவே விட வேண்டும் என்று நினைப்பதாகச் சொல்கிறான். இந்த நேரத்தில் அதையும் விடச் சொல்வது மனதுக்குப் பாரமாகிவிடுமா? அது ஒன்றுதான் அவனுக்கு ஆறுதல் என்று அப்பா சொல்கிறார்.


நெய்தல் எழுதியது:

விடலாம், விட வேண்டும்; ஆனால் குழுவிடம் சொல்லிவிட்டு விட வேண்டும். புகைப்பதுதான் மனநோயாளிக்கு ஆறுதல் என்ற எண்ணம் மருத்துவமனைகளிலேயே நெடுங்காலம் இருந்தது. விட்டவர்களின் பதற்றமும் மனச்சோர்வும் குறைவதையே ஆய்வுகள் காட்டுகின்றன. சிகரெட் தணிப்பது பெரும்பாலும் முந்தைய சிகரெட் உண்டாக்கிய தவிப்பைத்தான். ஆயுளைக் கூட்டுவதற்கு இந்தப் பட்டியலில் உள்ள எல்லாவற்றிலும் இதுவே பெரியது என்பேன், எடையைவிடவும்.

முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. புகையிலைப் புகையில் உள்ள சில பொருள்கள் கல்லீரலில் ஒலான்சபினைச் சிதைக்கும் நொதியைத் தூண்டிவிடுகின்றன. அதனால் புகைப்பவரின் உடலில் மருந்து வேகமாக வெளியேறும், அதற்கேற்ற அளவில்தான் அவர் குளிசை எடுத்துக்கொண்டிருப்பார். திடீரென்று புகையை விட்டால், குளிசையின் அளவு மாறாமலேயே இரத்தத்தில் மருந்து சில நாள்களில் கூடிவிடும். தூக்கக் கலக்கமும் தலைச்சுற்றலும் வரலாம், பசியும் கூடலாம். குளோசபின் என்ற இன்னொரு உளப்பிறழ்வு மருந்தை எடுப்பவர்களுக்கு இது இன்னும் ஆபத்தானது. இதைச் செய்வது நிகோட்டின் இல்லை, புகை. அதனால் நிகோட்டின் பட்டை ஒட்டிக்கொண்டாலும், சூயிங்கம் மென்றாலும், வேப்புக்கு (மின்சிகரெட்டுக்கு) மாறினாலும் மருந்தின் அளவைக் குறைக்க வேண்டிவரலாம். விடுவதற்கு ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, அதை உளமருத்துவருக்கும் கிளினிக்கில் புகை நிறுத்த உதவுபவருக்கும் முன்பே தெரிவியுங்கள். விட்டபின் முதல் வாரத்தில் அளவுக்கு மீறித் தூங்கினால் அதையும் சொல்லுங்கள். மறுபடி புகைக்கத் தொடங்கினாலும் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள், அப்போது மருந்து குறைந்து பழைய அறிகுறிகள் தலைகாட்டக்கூடும்.

இரத்தம் எடுக்கப் போகும்போது அந்தப் பத்துச் சுருட்டுகளின் கணக்கும் தாளில் இருக்கட்டும்.